பெயரும் மருந்தும்: இலங்கையின் பொதுப்பெயர் மருந்துக் கொள்கையும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி, தன் மருங்கில் வாழும் மக்களை எழுவான்கரையார், படுவான்கரையார் என இரு பிரிவினராக்கியுள்ளது. கடலை அண்டிய எழுவான்கரையிலே நகரமும் போதனா வைத்தியசாலையும் தனியார் மருந்துக்கடைகளும் அமைந்துள்ளன. வயலும் குளமும் மேய்ச்சல் நிலமுமாய் விரிந்த படுவான்கரையின் மக்கள், சிறப்பு வைத்தியம் வேண்டுமாயின் நீரைக் கடந்தே வருதல் வேண்டும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அப்பகுதியினர் படகுப்பாதையிலேயே வாவியைக் கடந்தனர். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலான படகுப்பாதையும் நெடுங்காலப் பழக்கமுடையது.

இவ்வாறு கடந்து வருவோர் இருவகை மருந்துகளைக் காண்கின்றனர். வைத்தியசாலைச் சாளரத்திலே காகித உறையில் இட்டுத் தரப்படும் குளிசை ஒருவகை. மருந்துக்கடையிலே மினுங்கும் பெட்டியில் வணிகப்பெயர் பொறித்து விற்கப்படும் குளிசை மற்றொருவகை. முன்னையது இலவசம், பின்னையது பணத்துக்குரியது. இரண்டினுள்ளும் இருப்பது ஒரே மருந்தெனினும், விலை கொடுத்து வாங்கியதே நன்கு வேலை செய்யும் என்னும் எண்ணம் வலிமையாக நிலவுகின்றது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுடைய பிள்ளையின் பெற்றோர் மெதயில்பெனிடேற்று என்னும் மருந்தைக் குறித்து இவ்வினாவை எழுப்பும்போது அது குடும்பத்தின் வரவுசெலவையும் பிள்ளையின் கல்வியையும் ஒருங்கே தொடும் வினாவாகின்றது. பொதுப்பெயர் மருந்து வணிகப்பெயர் மருந்துக்கு ஈடாகுமா?

இவ்வினாவை உலகிற்கு முன்னோடியாய் நின்று எதிர்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஆதலின் இதற்கான விடையை மருந்தியல் நூல்களில் மட்டுமன்றி இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலும் தேடுதல் பொருத்தமாகும்.

ஒரு பொருளும் பல பெயரும்

ஒவ்வொரு நவீன மருந்துக்கும் மூவகைப் பெயர்கள் உண்டு. அதன் மூலக்கூற்று அமைப்பை உரைக்கும் இரசாயனப்பெயர் ஒன்று. உலகெங்கும் வைத்தியர் விளங்கிக்கொள்ளும் பொதுப்பெயர் மற்றொன்று. விற்பனை நிறுவனம் தனக்கென உரிமையாக்கிக்கொண்ட வணிகப்பெயர் மூன்றாவது. பொதுப்பெயர்களை ஒழுங்குபடுத்தும் பணியை உலக சுகாதார நிறுவனம் 1950களில் மேற்கொண்டது.

மெதயில்பெனிடேற்றின் வரலாறு இப்பெயர் விவகாரத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தைச் சேர்ந்த லியாந்திரோ பனிசோன் என்னும் இரசாயனவியலாளர் 1944இல் இதனைத் தொகுத்தார். தம் மனைவியின் பெயராகிய மார்கரீற்றின் சுருக்கமான ரீற்றா என்பதிலிருந்தே ரிற்றலின் என்னும் வணிகப்பெயர் பிறந்தது. 1950களின் நடுப்பகுதியிலே சந்தைக்கு வந்த இம்மருந்து, பின்னர் அமைதியின்றி இயங்கும் பிள்ளைகளின் கவனத்தை ஒருமுகப்படுத்தப் பெரிதும் பயன்படலாயிற்று. ஊக்கமருந்துகள் அத்தகைய பிள்ளைகளை அமைதிப்படுத்தக்கூடும் என்பதை அமெரிக்க வைத்தியர் சார்ள்ஸ் பிராட்லி 1937இலேயே வேறொரு மருந்தைக் கொண்டு கண்டு வெளியிட்டிருந்தார்.

மூலக்கூறு ஒன்றே. ஆயினும் காப்புரிமை முடிவுற்றபின் வேறு பல நிறுவனங்கள் அதனைத் தயாரிக்கத் தொடங்கும்போது பெயர்கள் பெருகுகின்றன; விலைகள் வேறுபடுகின்றன; ஐயங்களும் தோன்றுகின்றன. வாவியின் தென்பாலுள்ள காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1936இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஒரு பொருளுக்கு அறிஞர் அனைவரும் ஏற்கும் ஒரு சொல் வேண்டும் என்பதே கலைச்சொல்லாக்கத்தின் அடிப்படை. மருந்தின் பொதுப்பெயரும் அத்தகைய கலைச்சொல்லே. அது எவருக்கும் தனியுடைமையன்று. அதனாலேயே விளம்பரத்துக்கு அது பயன்படுவதில்லை.

சேனக பிபிலேயும் மருந்துத் தெரிவும்

ஊவா மாகாணத்துப் பிபிலையிலே 1920இல் பிறந்த சேனக பிபிலே, கொழும்பு மருத்துவக் கல்லூரியில் 1945இல் பட்டம் பெற்று, எடின்பரோவிலே மருந்தியலில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றுத் திரும்பினார். இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியர் அவரே. பேராதனை மருத்துவ பீடத்தின் முதலாவது பீடாதிபதியும் அவரே. 1950களின் இறுதியிலிருந்து அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வேண்டிய மருந்துகளைத் தெரிந்தெடுக்கும் குழுவில் அவர் முதன்மைப் பங்காற்றினார். வைத்தியசாலை மருந்துத்தொகுப்பு நூலொன்று உருவாகியது. வைத்தியர்களுக்குப் பக்கச்சார்பற்ற மருந்துத் தகவலை வழங்கும் ஏடும் வெளிவந்தது.

அவரது சிந்தனை எளிமையானது. பயன் ஒன்றாயின் மலிவானதைத் தெரிதல் வேண்டும். பயன் ஐயத்துக்குரியதாயின் எவ்விலையிலும் அதனை வாங்கலாகாது. வைத்தியர் தாம் எழுதும் மருந்தை அதன் பொதுப்பெயரால் அறிந்திருத்தல் வேண்டும். மருந்து நிறுவனத்தின் பிரதிநிதி வந்து கூறுவதன்றி, ஆய்வு கூறுவதே வைத்தியருக்கு ஆசானாதல் வேண்டும் என்பதும் அதனுள் அடங்கும்.

அரசாங்கத் துறையில் இவ்வொழுங்கு வேரூன்றிய காலத்திலே தனியார் துறை வேறொரு வழியிற் சென்றது. அங்கு ஏறத்தாழ 2,100 மருந்துகள் இறக்குமதியாகி வந்தன. அவற்றுட் பல ஒரே மருந்தின் மறுபெயர்களாகவும், தேவையற்ற கலவைகளாகவும் விளங்கின. அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிய காலத்தில் இந்நிலை நாட்டுக்குத் தாங்கவொண்ணாச் சுமையாயிற்று.

1971 முதல் 1977 வரை

கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் வைத்தியருமாகிய எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் இணைந்து 1971இல் ஓர் அறிக்கையை அரசுக்குச் சமர்ப்பித்தனர். அதன் பயனாக அவ்வாண்டு செப்டெம்பரில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதலாவது தலைவரானார். 1972இல் 52 மருந்துகளின் இறக்குமதியைக் கூட்டுத்தாபனம் பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டின் முடிவுக்குள் தனியார் துறைக்கான மருந்து இறக்குமதி முழுவதும் அதன் கைக்கு வந்தது. 2,100 என்னும் எண்ணிக்கை ஏறத்தாழ 600 ஆகச் சுருங்கியது.

உலகளாவிய கேள்விப்பத்திர முறையில் மூலப்பொருள்கள் வாங்கப்பட்டபோது வெளிப்பட்ட விலை வேறுபாடுகள் பலரையும் திகைக்கச் செய்தன. நீரிழிவுக்குரிய தோல்பியூற்றமைட்டு என்னும் மருந்தின் மூலப்பொருள் ஜேர்மன் நிறுவனமொன்றிடமிருந்து கிலோவுக்கு ஏறத்தாழ 40 டொலருக்கு வாங்கப்பட்டு வந்தது. போலந்தின் அரச நிறுவனம் அதனை 3 டொலருக்குங் குறைவாகவே தந்தது. தெற்றாசைக்கிளினின் மூலப்பொருள் ஏறத்தாழ 99 டொலரிலிருந்து 20 டொலருக்கு வீழ்ந்தது. பின்னையதை வழங்கியதும் பெயர்பெற்ற மேலைநாட்டு நிறுவனமொன்றே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மலிவு என்பது தாழ்ந்த தரத்தின் அடையாளம் என்னும் வாதம் இவ்விடத்திலேயே தளர்ந்துவிடுகின்றது. ஏறக்குறைய இதே காலத்தில், 1973இல், பிரித்தானியாவின் தனியுரிமை ஆணைக்குழு வேலியம் என்னும் மனநோய் மருந்தின் மூலப்பொருளுக்குக் கிலோவுக்கு 922 பவுண் அறவிடப்பட்டதையும், இத்தாலியில் அதே பொருள் 20 பவுணுக்குக் கிடைத்ததையும் வெளிப்படுத்தியது. இலங்கை கண்ட உண்மையைச் செல்வந்த நாடொன்றும் கண்டது.

எதிர்ப்பு இருமுனைகளிலிருந்து வந்தது. முதலாவது, பல்தேசிய நிறுவனங்களின் எதிர்ப்பு. கொலரா பரவியிருந்த காலத்திலே, கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு தெற்றாசைக்கிளின் கூடுகளைத் தயாரிக்குமாறு இலங்கையில் தொழிற்சாலை நடத்திய பைசர் நிறுவனம் கேட்கப்பட்டபோது அது இணங்கவில்லை. அத்தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தது. அமெரிக்கத் தூதுவர் தலையிட்டபின் அது கைவிடப்பட்டது. இவற்றையெல்லாம் பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் 1977இல் வெளியான கட்டுரையொன்றிலே பதிவு செய்துள்ளனர்.

இரண்டாவது எதிர்ப்பு வைத்தியரிடமிருந்தே வந்தது. பொதுப்பெயர் மருந்தின் தரத்துக்கு உத்தரவாதம் யாது என அவர்கள் வினவினர். இவ்வினாவை வெறும் வர்க்க நலன் சார்ந்ததெனத் தள்ளிவிடுதல் முறையன்று. நாட்டில் மருந்துத் தரப் பரிசோதனைக்கான வசதிகள் அக்காலத்திற் குறைவாகவே இருந்தன. விலையைக் குறைக்கும் பொறிமுறை விரைந்து உருவாயிற்று. தரத்தை அளக்கும் பொறிமுறை அதே விரைவில் உருவாகவில்லை. பிபிலேயின் கொள்கை தவறானதன்று. ஆயின் அதற்கு இரு கால்கள் வேண்டியிருந்தன.

1976 ஆகஸ்டிற் கொழும்பில் நிகழ்ந்த அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு மருந்துத் துறையில் ஒத்துழைப்பு வேண்டுமெனத் தீர்மானித்தது. 1977இல் உலக சுகாதார நிறுவனம் ஏறத்தாழ 200 மருந்துகளைக் கொண்ட தன் முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 1982இல் வங்காளதேசம் தன் மருந்துக் கொள்கையை வகுத்தது. இலங்கையின் முயற்சி இவற்றுக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது. பிபிலே இவ்வளர்ச்சிகளைக் காண நெடுநாள் இருக்கவில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியின்பொருட்டுக் கயானா சென்றிருந்த அவர் 1977 செப்டெம்பர் 29இல் அங்கே காலமானார். அவ்வாண்டிலேயே ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் புகுந்தது. கூட்டுத்தாபனத்தின் இறக்குமதித் தனியுரிமையும் முடிவுற்றது.

பெயர்களின் மீள்வரவு

1977இன் பின் வணிகப்பெயர்கள் மீண்டும் பெருகின. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அழகுசாதனப் பொருள்கள், சாதனங்கள், மருந்துகள் ஆகியவற்றின் பதிவை ஒழுங்குபடுத்தியது. 1987இல் யப்பானிய உதவியுடன் இரத்மலானையிலே அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 2005இல் தேசிய மருந்துக் கொள்கை அங்கீகரிக்கப்பட்டது. ஆயினும் அதனைச் சட்டமாக்கப் பத்தாண்டு சென்றது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை தோன்றியபோது, அது பிபிலேயின் கனவு நனவாதலெனப் பலராலும் வரவேற்கப்பட்டது. மருந்துத் துண்டிற் பொதுப்பெயர் இடம்பெறுதல் வேண்டும் என்னும் கோட்பாடு மீண்டும் வலியுறுத்தப்பட்டது. 2016 ஒக்ரோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலைகள் வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்டன.

சட்டங்கள் இவ்வாறு வந்தபோதும் ஐயம் அகலவில்லை. வைத்தியர் எழுதிய வணிகப்பெயர் கடையில் இல்லாதவிடத்து மருந்தாளர் வேறொன்றைத் தரும்போது, நோயாளர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்கின்றனர். இவ்வுணர்வுக்கு ஆதாரம் உண்டா என்பதை இனி நோக்குதல் வேண்டும்.

ஈடு என்பதன் பொருள்

இரண்டு குளிசைகளில் ஒரே அளவு மருந்து இருப்பதனால் மட்டும் அவை ஈடாகிவிடா. குளிசையிலிருந்து மருந்து கரைந்து இரத்தத்திற் சேரும் அளவும் வேகமும் ஒத்திருத்தல் வேண்டும். இவ்வுண்மை இரு நிகழ்ச்சிகளால் உலகுக்கு உணர்த்தப்பட்டது.

1968இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனிலே வலிப்புநோய்க்குரிய பெனிற்றொயின் உட்கொண்டு வந்தோரிடம் நச்சுக்குறிகள் தோன்றின. மருந்தின் அளவு மாறவில்லை. கூட்டினை நிரப்பச் சேர்க்கப்பட்ட கல்சியம் சல்பேற்றுக்குப் பதிலாக இலக்றோசு சேர்க்கப்பட்டதே காரணம். அம்மாற்றத்தால் மருந்து மிகுதியாக உறிஞ்சப்பட்டது. 1971இல் இதயநோய்க்குரிய டிகொட்சினை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர், வெவ்வேறு தயாரிப்புகளை உட்கொண்டோரின் இரத்தத்தில் மருந்தின் செறிவு ஏழு மடங்கு வரை வேறுபட்டதைக் கண்டனர். முதல் நிகழ்ச்சி சிறப்பாகச் சிந்திக்கத்தக்கது. அங்கே பொதுப்பெயருக்கு மாறியதனாற் கேடு விளையவில்லை. உள்ளீடு மாறியதனால் விளைந்தது. பெயர் மாறாதிருக்கவும் மருந்து மாறக்கூடும்.

இத்தகைய அனுபவங்களின் பயனாக உயிர்ச்சமநிலை என்னும் சோதனைமுறை வளர்ந்தது. நலமுள்ள தொண்டர்களுக்கு இரு தயாரிப்புகளையும் வெவ்வேறு வேளைகளிற் கொடுத்து, இரத்தத்திற் சேரும் மொத்த அளவையும் உச்சச் செறிவையும் ஒப்பிடுவர். இவ்விகிதத்தின் 90 சதவீத நம்பிக்கை எல்லை முழுவதும் 80க்கும் 125க்கும் இடையில் அமைதல் வேண்டும் என்பது விதி. பொதுப்பெயர் மருந்து 20 சதவீதம் குறைவாக இருக்கலாமென இவ்விதியைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். நம்பிக்கை எல்லை முழுவதும் அவ்வரம்புக்குள் அடங்க வேண்டுமாதலின், உண்மையான சராசரி வேறுபாடு மிகச் சிறிதாயிருந்தாலன்றி மருந்து தேறுதல் அரிது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் ஏற்றுக்கொண்ட 2,070 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான கட்டுரை, இரத்தத்திற் சேரும் மொத்த அளவில் சராசரி வேறுபாடு 3.56 சதவீதமே எனக் காட்டியது.

2008இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு இதய, இரத்தக்குழாய் நோய் மருந்துகளை எடுத்துக்கொண்டது. வணிகப்பெயர் மருந்து மேலானது என்பதற்கு அதிற் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் அதே காலப்பகுதியில் மருத்துவ ஏடுகளில் வெளியான ஆசிரியத் தலையங்கங்களிற் பாதிக்கு மேற்பட்டவை பொதுப்பெயர் மாற்றீட்டை எதிர்த்தே எழுதப்பட்டிருந்தன. அறிவு ஒரு பக்கமும் மனப்பழக்கம் மறுபக்கமுமாக நிற்பது பாமரரிடம் மட்டுமன்று என்பது இதனாற் புலனாகும்.

மெதயில்பெனிடேற்றும் 2014ஆம் ஆண்டும்

எனினும் இப்பொது விதியைக் கண்மூடி எல்லாவற்றுக்கும் பொருத்துதல் தவறாகும். அதனை உணர்த்தும் நிகழ்ச்சி மெதயில்பெனிடேற்றின் வரலாற்றிலேயே உள்ளது.

இம்மருந்தின் சாதாரணக் குளிசை மூன்று முதல் நான்கு மணிநேரம் வரையே பயன் தருவது. அதன் தயாரிப்பு எளிது. ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட பொதுப்பெயர்க் குளிசை அங்கே வணிகப்பெயர்க் குளிசைக்கு ஈடாக நிற்கும். நாள்முழுதும் பயன் தரும் நீள்செயற் குளிசை அத்தகையதன்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற கொன்சேற்றா என்னும் குளிசை ஒரு சிறு பொறி போன்றது. அதன் மேற்பூச்சிலுள்ள 22 சதவீத மருந்து உடனே கரைகின்றது. எஞ்சியது, உள்ளே புகும் நீரால் ஓர் அடுக்கு வீங்கித் தள்ள, நுண்துளையொன்றின் வழியே மெல்ல மெல்ல வெளியேறுகின்றது.

இதற்கு மாற்றீடாக இரு நிறுவனங்களின் பொதுப்பெயர்க் குளிசைகள் 2012இலும் 2013இலும் அங்கு அங்கீகாரம் பெற்றன. அதன்பின் மருந்து நாள் முழுதும் நிலைக்கவில்லை என்னும் முறைப்பாடுகள் வந்தன. உணவு மருந்து நிருவாகம் தரவுகளை மீளாய்வு செய்து, உட்கொண்டபின் ஏழாம் மணி முதல் பன்னிரண்டாம் மணி வரையான காலத்தில் அவை மருந்தை மெதுவாக வெளிவிடக்கூடும் எனக் கண்டது. 2014 நவம்பரில், தாமாகவே மாற்றிக் கொடுக்கத்தக்கவை என்னும் தகுதி அவ்விரண்டிலிருந்தும் நீக்கப்பட்டது. 2016இல் அங்கீகாரத்தையே விலக்கும் நடவடிக்கை முன்மொழியப்பட்டது. மொத்த அளவும் உச்சச் செறிவும் பொருந்தியிருந்தும், நாளின் பிற்பகுதி பொருந்தவில்லை. சோதனைமுறை எதனை அளக்கவில்லையோ அங்கேயே குறை ஒளிந்திருந்தது.

இந்நிகழ்ச்சியைப் பொதுப்பெயர் மருந்துகளுக்கு எதிரான சான்றாகச் சிலர் எடுத்துக்காட்டுவர். அதன் மறுபாதியையும் நோக்குதல் வேண்டும். அதே காலத்தில், மூல நிறுவனமே தயாரித்த அதே குளிசை, வணிகப்பெயரின்றி வேறொரு நிறுவனத்தாற் பொதுப்பெயரில் விற்கப்பட்டது. அதன் தகுதிக்கு யாதோர் இடையூறும் நேரவில்லை. ஆகவே இங்கு வேறுபட்டது பெயரன்று, குளிசையின் கட்டமைப்பு. அன்றியும், குறையைக் கண்டறிந்தது விளம்பரமன்று; பெற்றோரும் வைத்தியரும் அனுப்பிய முறைப்பாடுகளும், அவற்றைச் செவிமடுத்து மீளச் சோதித்த ஒரு பொது நிறுவனமுமே.

மனத்தின் பங்கும் இதிற் சிறிதன்று. குளிசையின் நிறமோ வடிவமோ மாறியவுடன் மருந்து வேலை செய்யவில்லை என எண்ணும் இயல்பு உண்டு. வலிப்புநோய் மருந்தின் நிறம் மாறியபோது நோயாளர் அதனை இடைநிறுத்தும் போக்குக் கூடியதை 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அத்தகைய நிலையில் மருந்து ஈடானதே, நம்பிக்கையே ஈடாகவில்லை. விளக்கிச் சொல்லும் ஒரு சொல் அங்கே மருந்துக்கு நிகரான பணியைச் செய்யும்.

வாவிக்கரையில் இவ்வினா

இவ்வரலாற்றை மீண்டும் வாவிக்கரைக்குக் கொணர்ந்து நோக்குங்கால் வினாவின் உருவமே மாறுகின்றது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. போர்க்காலத்திலே மருந்துப்பொருள்களின் போக்குவரவு சோதனைச் சாவடிகளின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. எந்தப் பெயருடைய மருந்து சிறந்தது என்னும் தெரிவுக்கு அங்கே இடமிருக்கவில்லை. மருந்து வந்து சேருமா என்பதே வினாவாயிருந்தது.

2004 திசெம்பர் 26இன் ஆழிப்பேரலை மற்றொரு பாடத்தைத் தந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட உதவி மருந்துகளுள் தேவைக்குப் பொருந்தாதனவும், இங்குள்ளோர் அறியாத மொழிகளிற் பெயர் எழுதப்பட்டனவும் இருந்தன. உதவி மருந்துகளிற் பொதுப்பெயர் கட்டாயம் இடம்பெறுதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் 1996ஆம் ஆண்டு வழிகாட்டல் முன்னரே கூறியிருந்தது. அது பின்பற்றப்படாதவிடத்துப் பெட்டிகள் குவிந்தும் மருந்து கிடையாத நிலை ஏற்படும். பொதுப்பெயர் சிக்கனத்துக்கான வழி மட்டுமன்று, இடர்வேளையிற் பலமொழியாளரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளும் பொதுமொழியும் அதுவே என்பது அப்போது தெளிவாயிற்று.

2022இன் பொருளாதார நெருக்கடியிலே நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நிலவியது. அவசரமாகச் செய்யப்படும் கொள்வனவு தரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் என்னும் அச்சம் 2023இல் மெய்யாயிற்று. இறக்குமதி செய்யப்பட்ட கண்துளி மருந்தொன்று, கண்புரைச் சத்திரசிகிச்சை பெற்றோருக்குத் தீங்கு விளைத்ததாக முறையிடப்பட்டு மீளப்பெறப்பட்டது. வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட தடுப்பாற்றற் புரத ஊசிமருந்து போலியானது என்னும் குற்றச்சாட்டு நீதிமன்றம் சென்றது. 1970களில் வைத்தியர் எழுப்பிய வினா, அரை நூற்றாண்டின் பின்னும் முற்றாக விடையிறுக்கப்படவில்லை என்பதை இவை உணர்த்தின. மலிவாக வாங்குதல் பொதுப்பெயர்க் கொள்கையின் முதற் பாதி. வாங்கியதைச் சோதித்தல் அதன் மறுபாதி. மறுபாதியின்றி முதற்பாதி நம்பிக்கையை இழக்கும். நம்பிக்கை இழந்தோருட் பணமுள்ளோர் கடைக்குச் செல்வர். இல்லாதோர் ஐயத்துடனே விழுங்குவர்.

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுடைய பிள்ளைக்கு இது இன்னுங் கூர்மையாகப் பொருந்தும். மெதயில்பெனிடேற்று 1971ஆம் ஆண்டின் உளத்தூண்டற் பொருள்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் அடங்குவது, கட்டுப்பாட்டுடனேயே வழங்கப்படுவது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அதனைச் சேர்க்குமாறு செய்யப்பட்ட விண்ணப்பத்தை 2019இல் நிபுணர் குழு ஏற்கவில்லை. ஏழை நாடுகளில் இம்மருந்தின் வழங்கலுக்குப் பட்டியலின் துணையும் இல்லாதுபோயிற்று.

காலை ஏழு மணிக்குச் சாதாரணக் குளிசையை விழுங்கிய பிள்ளைக்குப் பதினொரு மணியளவில் அதன் பயன் தேய்ந்துவிடும். பாடசாலையோ ஒன்றரை மணி வரை நடைபெறுவது. நண்பகற் குளிசையைக் கொடுப்பார் யார் என்பது ஆசிரியரும் பெற்றோரும் கூடித் தீர்க்கவேண்டியது. நீள்செயற் குளிசைக்குப் பணம் இல்லாத வீட்டிலே, மலிவான சாதாரணக் குளிசையும் ஆசிரியரின் ஒத்துழைப்பும் சேர்ந்தே அவ்விலையுயர்ந்த பொறியின் இடத்தை நிரப்புதல் வேண்டும். மருந்தின் பெயரைப் பற்றிய கவலையிலும், ஒரு மாதம் கிடைத்து மறுமாதம் கிடையாது போதலும், வேளை தவறுதலும், ஒரு நீள்செயல் வகையிலிருந்து மற்றொன்றுக்கு அறிவிப்பின்றி மாறுதலும் பிள்ளையைப் பெரிதும் பாதிக்கும்.

முடிவாக

பொதுப்பெயர் மருந்து வணிகப்பெயர் மருந்துக்கு ஈடாகுமா என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை இரு பகுதிகளை உடையது. முறையாகச் சோதிக்கப்பட்டதாயின் ஈடாகும். பெரும்பாலான மருந்துகளில், சாதாரண மெதயில்பெனிடேற்றுக் குளிசை உட்பட, வணிகப்பெயருக்குக் கொடுக்கும் மேலதிக பணம் நோயைத் தீர்ப்பதில்லை. நீள்செயற் குளிசை போன்று கட்டமைப்பே மருந்தின் பாதியாய் அமைந்தவற்றிலும், பெனிற்றொயின் போன்று சிறு வேறுபாடும் கேடு விளைக்கும் மருந்துகளிலும், ஒரு தயாரிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறுமுன் வைத்தியர் அறிதலும் மாறியபின் கவனித்தலும் வேண்டும்.

மேலும், சோதிக்கப்பட்டதாயின் என்னும் நிபந்தனை நோயாளரால் நிறைவேற்றத்தக்கதன்று. மண்டூரிலிருந்து படகுப்பாதை ஏறி வரும் தாய் தன் கையிலுள்ள உறையினுள் இருக்கும் குளிசையைச் சோதித்தறிய இயலாது. அவளுக்காக அதனைச் சோதிப்பதற்கே ஆய்வுகூடமும் அதிகாரசபையும் சட்டமும் உள்ளன. 1971இல் தொடங்கிய முயற்சி மருந்தைப் பெயரின் பிடியிலிருந்து விடுவித்தது. விடுவிக்கப்பட்ட மருந்துக்குத் தரத்தின் பிணை வழங்கும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. அப்பணி நிறைவுறுமாயின், எழுவான்கரையின் மினுங்கும் பெட்டியும் படுவான்கரைக்குச் செல்லும் காகித உறையும் ஒன்றே என்பதைத் துணிந்து சொல்லுதல் கூடும்.